புள்ளி வைத்த ‘ன்’

அப்பா இறந்த அன்று மதியம் எங்கள் தெருமுனையில் கட்டிய ஃபிளெக்ஸில் ‘கன்னீர் அஞ்சலி’ என்று இருந்தது. மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. அதுவும் ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து இரண்டு எழுத்தில். மேலே வானம், மேகம், ஒரு ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டிய அப்பாவின் முகம். வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவர்கூட அந்த எழுத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய ஒரே ஆள் உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார். அவர் 33 வருடம் அச்சுக் கோத்தவர்.

தம்பியிடம் சொன்னேன். அவன் பாவம், ராத்திரி முழுக்க மருத்துவமனையில் அலைந்தவன். “விடுக்கா, இப்பப் போயி சுழி எண்ணிட்டு” என்றான். அவன் சொன்னதும் சரிதான். போனில் சொன்னான், ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் கீபோர்டில் அடித்தார்கள். பெரிய எழுத்து ‘என்’ போட வேண்டிய இடத்தில் சின்ன எழுத்து ‘என்’ போட்டால் ண் போய் ன் வந்துவிடும். எழுத்துப் பெட்டியில் கையை விட்டுத் தேடி எடுத்த காலத்தில் இந்த மாதிரித் தப்பு வர வேறு காரணங்கள் இருந்தன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் உண்மையில் என்னை உறுத்தியது சுழி இல்லை. படத்துக்குக் கீழே மூன்று வரி இருந்தது. ‘அன்பானவர். கடும் உழைப்பாளி. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்.’ தம்பி சொல்லி எழுதியதில்லை அது, டிசைனோடு வந்தது. போன மாதம் பக்கத்துத் தெருவில் இறந்தவருக்கும் அதே மூன்று வரிதான். அந்த மனிதரை எனக்குத் தெரியும், குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர். அவருக்கும் எங்கள் அப்பாவுக்கும் ஒரே சொல். பொய் என்று அடித்துவிட முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றும் அப்பாவைப் பொறுத்தவரை உண்மை. உண்மையாக இருந்தும் அதில் அப்பா இல்லை. இதுதான் ஒரு வருடமாக என் தொண்டையில் மாட்டிக்கொண்ட முள்.

தலைகீழாகப் படித்தவர்

அப்பா 1963இல், 15 வயதில், ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் எழுத்தைக் கோக்க விடவில்லை, பிரித்துப் போடத்தான் விட்டார்கள். அச்சடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கோக்கிற வேலையில் பாதி இந்தப் பிரிக்கிற வேலை என்பது அந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்த அறையில் எது என்று கைக்கு மனப்பாடம் ஆகவும் அதுதான் வழி. தமிழ் எழுத்துப் பெட்டி சாதாரணமானதில்லை. கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி ஈயத் துண்டு. கொ என்றால் கொம்பு ஒன்று, க ஒன்று, கால் ஒன்று என்று மூன்று துண்டு. அது போக ஜ, ஷ, ஸ, ஹ வரிசை. இங்கிலீஷ் கம்போசிட்டர் உட்கார்ந்த இடத்தில் முடிக்கிற வேலைக்குத் தமிழ்க் கம்போசிட்டர் கையை நாலு பக்கமும் வீச வேண்டும். அப்பாவின் வலது தோள் கொஞ்சம் தாழ்ந்தே இருந்ததற்கு அம்மா சொல்லும் காரணம் அது.

இடது கையில் ஸ்டிக். முழ நீளம்கூட இருக்காது, ஒரு பக்கம் திறந்த இரும்புத் தட்டு. வலது கை எழுத்தை எடுத்து வர, இடது கட்டைவிரல் அதை வாங்கி வரியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும், ‘நிக்’ என்பார்கள். கட்டைவிரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் எழுத்து சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஈய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால்தான் வரி இடமிருந்து வலமாக ஓடும். ஆகவே கம்போசிட்டர் காலம் முழுக்கத் தலைகீழாகவே படிப்பவர். அப்பாவுக்கு அது எவ்வளவு பழகிவிட்டதென்றால், நாங்கள் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு, நோட்டைத் தன் பக்கம் திருப்பாமலேயே படித்துவிடுவார். பக்கத்தில் வந்து குனிந்து பார்க்கிற அப்பாக்கள் மற்ற வீடுகளில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் எதிரே. நான் எழுத எழுதவே ஒரு விரல் வந்து நோட்டின் மேல் நிற்கும். விரல் நிற்கிற இடத்தில் தப்பு இருக்கும்.

எனக்கு ண, ன தகராறு ஐந்தாம் வகுப்பு வரை தீரவில்லை. ‘ஆண்டு’ என்று எழுதச் சொன்னால் ‘ஆன்டு’ என்பேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த விதி எதுவும் நிற்கவில்லை. ஒருநாள் அப்பா சொன்னார்: “படிக்காத பாப்பா. படிச்சா வாய் நமக்குப் பழகுனதச் சொல்லிரும். சுழிய எண்ணு.” அச்சடிக்கும் முன் தப்புத் திருத்த எடுக்கிற மாதிரித் தாளை, அதாவது புரூப்பை, பார்ப்பதில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த ரகசியம் இவ்வளவுதான். அர்த்தம் புரிந்து படித்தால் தப்பு கண்ணுக்குத் தெரியாது, மனம் திருத்திப் படித்துவிடும். எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டும்.

அன்பானவர் என்பதற்கு என்ன சாட்சி சொல்வேன் என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கை. ராத்திரி வேலை முடிந்து வரும்போது விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். பாதி மை, பாதி ஈயம். ஈயம் உடம்புக்குள் போனால் கெடுதல் என்று அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்குத் தினம் ஒரு வாழைப்பழம் தின்றால் போதும் என்கிற நம்பிக்கையும் உண்டு. அப்பா பழத்தையும் நம்பினார், சோப்பையும் நம்பினார். கை கழுவுகிற வரை எங்களைத் தொட மாட்டார். கதவைத் தாண்டி வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் நான், ஏதோ வாங்கிவந்து ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பின்னால் ஓடிப் பார்ப்பேன். கறுத்த பத்து விரல்தான் இருக்கும். ஒருநாளும் ஏமாற்றமாக இருந்ததில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

13 அறைகள்

உழைப்பாளி என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதே இல்லை. தை பிறந்தால், வைகாசி வந்தால், ஆவணி வந்தால் கல்யாணப் பத்திரிகை வேலை. தேர்தல் வந்தால் துண்டு நோட்டீஸ். வருடக் கடைசியில் காலண்டர்த் தாள். மார்கழியிலும் ஆடியிலும்தான் மூச்சு விடலாம். அந்த மாதங்களிலும் சாவு நோட்டீஸ் மட்டும் நிற்காது. “சாவுக்கு ஏது ஆடி” என்பார். ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடச் செலவுக்கு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவார். அடுத்த ஜூனுக்குள் அது தீராது. தீராத கடனோடு வேறு அச்சகத்துக்குப் போக முடியாது. பெரிய ஊரில் ஒரு பத்திரிகை ஆபீஸில் கூப்பிட்டார்கள், போகவில்லை. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்பதை நான் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இந்த ஜூன் மாதக் கணக்குதான் இருக்கிறது. என் பட்டமளிப்பு விழாவுக்கும் அவர் வரவில்லை. வைகாசி, முகூர்த்த வாரம். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன்.

1978 அவருக்கு முக்கியமான வருடம். எனக்குத் தெரிந்து அப்பா அரசியல் மாதிரி ஏதாவது பேசினார் என்றால் அது எழுத்துச் சீர்திருத்தம் பற்றித்தான். பெரியார் 1935இலேயே ‘குடிஅரசு’ ஏட்டில் புது எழுத்தைப் போட ஆரம்பித்துவிட்டார். 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. துதிக்கை சுருட்டின ணை, லை, ளை, னை போயின. கால் தனியாக நிற்காமல் உடம்போடு வளைந்து கிடந்த ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகள் எல்லாம் போயின. மொத்தம் 13 எழுத்து. படிக்கிறவர்களுக்கு 13 எழுத்து மறந்தால் போதும். அச்சகத்தில் அது வேறு கணக்கு. பழைய லை ஒரே துண்டு. புது லைக்கு ஒரு ஐகாரக் கொம்பு, ஒரு ல. பழைய றா ஒரே துண்டு. புது றாவுக்கு ஒரு ற, ஒரு கால். பெட்டியில் 13 அறை காலியானது உண்மை, ஆனால் கொம்பும் காலும் இரண்டு மடங்கு செலவானது. முதலாளி புது எழுத்து அதிகமாக வாங்கிப் போடவில்லை. கல்யாண வீட்டுப் பெரியவர்கள் சிலர் பழைய எழுத்தில்தான் பத்திரிகை வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆகவே அப்பா கொஞ்ச வருடம் இரண்டு தமிழையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். சீர்திருத்தம் சரி என்பார். நம் பெட்டிக்கு அது தெரியவில்லை என்பார். கடைசி வரை கையால் எழுதும்போது துதிக்கை லைதான். மளிகைச் சீட்டில்கூட ‘வெற்றிலை’க்குத் துதிக்கை இருக்கும்.

இந்த ‘எழுத்து பத்தாமல் போவது’ என்பதை அப்போதெல்லாம் நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. ராத்திரி அம்மாவிடம், “இன்னைக்கு ர் பத்தல”, “கால் பத்தல” என்று சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் பத்தாத சாமான் பட்டியலோடு அதுவும் ஒன்றாக ஓடிவிடும்.

பெரியப்பா சொன்ன கதை

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா ஒரு கதை சொன்னார். சாவு நோட்டீஸில் முக்கால்வாசி எல்லாருக்கும் பொதுவான வாசகம். பெயர், தேதி, உறவுமுறைதான் மாறும். அதனால் மற்ற அச்சகங்களில் பொது வாசகத்தைக் கோத்து, நூல் கட்டி, அப்படியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த சாவுக்குப் பெயரை மட்டும் மாற்றி மெஷினில் ஏற்றிவிடலாம். அப்பா அப்படிச் செய்ய மாட்டாராம். ஒவ்வொரு நோட்டீஸையும் முழுதாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அடுத்ததற்கு முதல் எழுத்திலிருந்து கோப்பாராம். “ஒருத்தன் சாவுக்குப் போட்ட சொல்ல அப்படியே எடுத்து இன்னொருத்தன் தலைல வைக்கக் கூடாதுடாம்பான் உங்கப்பன்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. தெருமுனை ஃபிளெக்ஸுக்கு இதைவிடப் பெரிய பதில் உண்டா? டிசைனோடு வந்த மூன்று வரியை எந்த மனிதரின் தலையில் வைத்தார்கள் பாருங்கள் என்று எனக்குள் ஒரு கர்வமே வந்துவிட்டது. ஆபீஸில் சொன்னேன். வாட்ஸ்அப்பில் எழுதினேன். நிறையப் பேர் கும்பிடுகிற கை படம் போட்டார்கள். நாலைந்து மாதம் இந்தக் கதையை வைத்துக்கொண்டே துக்கத்தை ஓட்டினேன்.

பிறகு மெஷின் மாமாவைப் பார்க்கப் போனேன். அப்பா கோத்துக் கொடுப்பார், டிரெடிலில் ஏற்றி அடிப்பவர் அவர். காலால் மிதிக்கிற மெஷின், ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுக்க வேண்டும், தாமதித்தால் விரல் போய்விடும். அவருக்கு இடது நடுவிரலில் பாதி இல்லை. 80 வயது. சாவுக்கு வர முடியாத அளவுக்கு முழங்கால் வலி. என்னை 46 வயதிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். பெரியப்பா கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். மரியாதைச் சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு.

“அட பாப்பா, எழுத்து பத்தாது பாப்பா! கட்டி வைக்கிறதுக்கு எழுத்துக்கு எங்க போக? ஒரு நோட்டீஸக் கட்டி வச்சா அடுத்த ஜோலிக்கு ஒண்ணும் இருக்காது. உங்கப்பா என்ன ஆசைப்பட்டா பிரிச்சாரு? முதலாளிய வஞ்சுக்கிட்டேதான் பிரிப்பாரு.”

எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். அவர் சமாதானம் சொல்லவில்லை. அச்சகக் கணக்கைத்தான் சொன்னார். நோட்டீஸில் பெரிதாக வருகிற வரிகளுக்கு 18 பாயிண்ட் எழுத்து. அங்குலத்தில் கால் பங்கு உயரம். அந்த அளவில் ஒவ்வொரு எழுத்தும் விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் இருக்கும். புள்ளி வைத்த ன் ஏழோ எட்டோ. “சாவு நோட்டீஸ்ல எல்லாரும் ன்தான பாப்பா? மகன், மருமகன், பேரன், அண்ணன். ஒரு பேர விட்டாலும் கருமாதில அடிதடி. அதனால உறவுமுறையில கை வைக்க முடியாது. ன் அங்கயே தீந்துரும். அப்புறம் அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்னு எழுதிக் கொண்டாருவாங்க. அன்புக்கு ஒரு ன், பின்னுக்கு ஒரு ன்.” ஒரு எழுத்து இல்லாவிட்டால் கம்போசிட்டர் வேறொரு எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவார். புரூப்பில் அந்த இடத்தில் எழுத்தின் அடிப்பாகம் கறுப்புக் கட்டையாக விழும். இங்கே ஆள் குறைகிறது என்று அடையாளம். எழுத்து கிடைத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். கிடைக்கவே கிடைக்காதென்றால் வாசகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாமா சொன்ன சம்பவம் 80களில் நடந்தது, வருடம் அவருக்கு நிச்சயமில்லை. அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர், நடுவயதுக்காரர், நோட்டீஸ் புரூப் பார்க்க வந்து நின்றிருக்கிறார். புரூப்பில் ‘அ■பி■ சிகரம்’ என்று கறுப்பு விழுந்திருக்கிறது. சாவு வீட்டுக்காரர் பதறிப்போனார். எங்கள் அப்பா எழுத்து இல்லை என்பதை ஒளிக்கவில்லை. “தம்பி, இந்த வரிக்கு எழுத்து பத்தல. வேற எதாச்சும் போடுவோம். உங்கப்பாவப் பத்தி வேற என்ன சொல்லலாம்?” என்று கேட்டிருக்கிறார். அவர், பண்பாளர் என்று போடுங்கள் என்றார். மேலேயே பண்பு வந்துவிட்டது. உழைப்பாளி? அதுவும் வந்துவிட்டது. பிறகு அவரிடம் சொல் இல்லை. மெஷின் ஓடாமல் நிற்கிறது. மாமா மிதிக்கட்டையில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறார். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். எங்கள் அப்பா ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து அந்த மனிதர், “எங்கப்பா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாருண்ணே. வேலைக்கு வர்றவங்க, பிச்சைக்காரங்க, எல்லாரையும் ராசாம்பாரு” என்று சொல்லிவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். மூன்று நாளாக அழாத ஆளாம்.

அப்பா அதைக் கோத்தார். ‘எல்லாரையும் ராசா எனக் கூப்பிட்டவர்.’ மாமா அந்த வரியை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். “என்று-ன்னு போடல பாத்துக்க. என-ன்னு போட்டாரு. என்றுன்னா ஒரு ன் வேணும்ல.” வீட்டுக்கு வந்து அந்த வரியை ஒரு தாளில் எழுதிச் சுழி எண்ணினேன். புள்ளி வைத்த ன் ஒன்றுகூட இல்லை.

இது போல ஐந்தாறு தடவை நடந்திருக்கலாம் என்கிறார் மாமா. அதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். மிச்ச நாளெல்லாம் அன்பின் சிகரமும் பண்பின் உறைவிடமும்தான் அச்சாகி வெளியே போயின, அப்பா கையால்தான். எந்த நோட்டீஸிலும் அவர் பெயர் இல்லை. அப்போதிருந்த 1867ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு அச்சிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டியிருந்தது. கோத்தவர் பெயர் கேட்கப்படவில்லை. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான காலம் தொட்டுத் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய ஆட்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும் என்று யோசித்தால் அப்பாவுக்கு மட்டும் தனியாக வருத்தப்பட ஒன்றுமில்லை. அவரும் வருத்தப்பட்டவர் இல்லை.

பெரியப்பா கதை பொய்யா? அதைப் பற்றி மாமாவோடு நான் சண்டை போடவில்லை. அப்பா அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கவும் கூடும். எழுத்து பத்தாததை அண்ணனிடம் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு, கொஞ்சம் கௌரவமாகச் சொல்லி வைத்திருக்கலாம். அது அவர் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் எனக்கு இப்போது அந்தப் பெரிய வாக்கியம் வேண்டியிருக்கவில்லை. முதலாளியைத் திட்டிக்கொண்டே எழுத்தைப் பிரித்துப் போட்ட அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஜூன் மாதத்தில் வீட்டில் நடமாடியவர் அவர்தான்.

எடைக்குப் போனது

1996இல் அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஆப்செட் வேலையை வெளியே கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். எழுத்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, ஈயம், ஆன்டிமணி, வெள்ளீயம் கலந்த உலோகம் என்று எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டவில்லை. கை சுத்தமாக இருந்தது. பிறகு 12 வருடம் அதே இடத்தில் புரூப் பார்த்தார், பைண்டிங்கில் தாள் மடித்தார். சம்பளம் குறைவு. கம்ப்யூட்டரில் அடிக்கிற பையனுக்கு அவர் வயதில் பாதி. “எத்தன ன் வேணும்னாலும் வருது பாப்பா, தீரவே மாட்டேங்குது” என்று ஒரு நாள் ஆச்சரியமாகச் சொன்னார். அதில் குறையோ கேலியோ இல்லை. வாழ்நாளெல்லாம் அவருக்குப் பத்தாமல் கிடந்த அந்த எழுத்து அவர் சாவுக்கு ஒன்று கூடுதலாகவே வந்து நின்றது.

போன வாரம் முதலாம் ஆண்டு. பேப்பரில் சின்னதாக நினைவு அஞ்சலி கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான். இந்தத் தடவை நான் போனேன். கடையில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். பழைய டிசைன்களைக் காட்டினான். எல்லாவற்றிலும் அதே மூன்று வரி. அதை எடுத்துவிடச் சொன்னேன். “அப்ப அந்த இடத்துல என்ன போடக்கா?” என்றான். எனக்கு உடனே வாயில் எதுவும் வரவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை, மவுஸில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒருவர் விசிட்டிங் கார்டுக்குக் காத்திருந்தார். கடைசியில் சொன்னேன்: ‘எதிரே உட்கார்ந்து எங்கள் நோட்டைப் படித்தவர்.’ அவன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தான்.

பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தான். அவன் பார்க்கத் தோதாக, அவன் பக்கம் திருப்பி. சரியா இருக்கா பாருங்கக்கா என்றான். தாளைத் திருப்ப நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்து எல்லாம் தலைகீழ். படிக்க முயன்றேன், ஒரு வரியும் ஓடவில்லை. படிப்பதை விட்டுவிட்டு மேல் வரியில், ‘முதலாம்’ என்பதற்கு அடுத்த சொல்லில், ஆவுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்துச் சுழியை எண்ணினேன். மூன்று.